செய்தித்தளத்துக்குச் சோறு போடுவது யார்? கண்டுபிடிக்கும் வழி

“வேலை அனுமதிச் சீட்டு விதிமுறையில் பெரிய மாற்றம்” என்ற தலைப்போடு ஒரு சுட்டி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துசேர்கிறது. தளத்தின் பெயரில் ‘சிங்கை’ இருக்கிறது, மேலே மெர்லயன் படம் இருக்கிறது, தமிழும் பிழையில்லாமல் இருக்கிறது. செய்தி சரியா என்று தேடப் போவதற்கு முன் கேட்க வேண்டியது இது: இந்தத் தளத்தை நடத்துபவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தவறு எந்தச் செய்தியாளருக்கும் நேரும். ஆனால் பணம் வரும் வழி மறைந்திருந்தால், தவறுகள் எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வை ஒரு செய்தியைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. தளத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

கீழே உள்ள முறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முதல் பத்து நிமிடத்திலேயே பாதித் தளங்களுக்கு விடை கிடைத்துவிடும். கைப்பேசியில் எல்லாப் படிகளையும் செய்வது சிரமம், மடிக்கணினி நல்லது. ஒரு குறிப்பேட்டில் அல்லது எக்செல் கோப்பில் தேதி போட்டு எழுதிக்கொண்டே போங்கள்.

முதல் பத்து நிமிடம்: தளத்தை விட்டு வெளியே வாருங்கள்

பெரும்பாலானோர் முதலில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைத் திறக்கிறார்கள். அது பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அம்மாவிடம் மட்டும் விசாரிப்பது போல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்று அறிஞர்கள், 25 மாணவர்கள், 10 தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் ஆகியோர் இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, அழகான சின்னத்துக்கும் முகவரிக்கும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைத் திறந்த சில நொடிகளில் அதை விட்டு வெளியேறி, புதிய சாளரங்களில் அந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூகலில் தளத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பிறகு அதே தேடலில் கழித்தல் குறி, ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, தளத்தின் முகவரி ஆகியவற்றை இடைவெளி விடாமல் சேர்த்தால், அந்தத் தளத்தின் சொந்தப் பக்கங்கள் நீங்கி, மற்றவர்கள் சொன்னது மட்டும் வரும். பெயரைத் தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடவேண்டும். தமிழ்த் தளங்களைப் பற்றிய விவரம் பெரும்பாலும் ஆங்கில எழுத்துப் பெயரின் கீழ்தான் கிடைக்கும்.

அடுத்து முகவரிப் பட்டை. 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சும் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் 10 போலித் தளங்களைச் சிங்கப்பூரில் முடக்கின. அவற்றில் ஒன்றின் பெயர் ஸாவ்பாவ்டெய்லி, இன்னொன்று அலமாக். முதலாவது நம் சீன நாளிதழின் பெயரை ஒட்டியது. இரண்டாவது நம் காப்பிக்கடைப் பேச்சிலிருந்து எடுத்தது. உள்ளூர்த் தளம் போல முகம் காட்டுவதற்கு ஒரு சொல் போதும் என்று அவற்றை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழிலும் இதே வழி திறந்தே கிடக்கிறது. நம் தமிழ் முரசு 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது. சென்னையிலும் அதே பெயரில் ஒரு மாலை நாளிதழ் உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை. ‘தமிழ் முரசில் வந்தது’ என்று யாராவது அனுப்பினால் எந்தத் தமிழ் முரசு என்று கேட்பதே பாதி வேலை. சிங்கப்பூர் முரசின் முகவரி ‘காம் டாட் எஸ்ஜி’ என்று முடியும். மீடியாகார்ப்பின் தமிழ்ச் செய்தித்தளமான ‘செய்தி’யின் முகவரி ‘மீடியாகார்ப் டாட் எஸ்ஜி’ என்று முடியும். முகவரியை எப்போதும் வலமிருந்து இடமாகப் படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம், கடைசியாக நிற்கும் பெயர்தான் உரிமையாளருடையது. அதற்கு முன்னால் எந்த நல்ல பெயரையும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம்.

‘டாட் எஸ்ஜி’ என்று முடியும் முகவரிகளுக்கு ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. அவற்றைப் பதிவுசெய்யும்போது நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் மூலம் தம்மை அடையாளம் காட்ட வேண்டும். ‘காம் டாட் எஸ்ஜி’ என்றால் பதிவுபெற்ற நிறுவனமாகவும் இருக்க வேண்டும். வெறும் ‘டாட் காம்’, ‘டாட் நெட்’ முகவரியை உலகின் எந்த மூலையிலிருந்தும் சில வெள்ளிக்கு வாங்கலாம். அதனால் அது மோசம் என்று சொல்லிவிட முடியாது, நல்ல தளங்கள் பல அதில்தான் இருக்கின்றன. பெயரில் சிங்கப்பூரும் முகவரியில் ‘டாட் காம்’ஆகவும் இருந்தால் அடுத்த படிகளைத் தவிர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தின் கடைசி வேலை, தளத்தின் வயது. இணைய முகவரிப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் முகவரியை இட்டால் அது முதலில் பதிவான தேதி வரும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். இன்று அது வழக்கமாகிவிட்டது, அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். தேதிதான் முக்கியம். ‘பதினைந்து ஆண்டுகளாக உங்களோடு’ என்று சொல்லும் தளத்தின் முகவரி எட்டு மாதம் முன்பு பதிவாகியிருந்தால் கதை முடிந்தது. எதிர்மாறாகவும் நடக்கும்: முகவரி பழையது, தளம் புதியது. காலாவதியான முகவரிகளை ஏலத்தில் எடுத்து, பழைய பெயரின் மதிப்பில் புதுக் கடை போடுவார்கள். இதைப் பிடிக்க, பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முகவரியை இட்டு, ஆண்டுக்கு ஒரு படி வீதம் பாருங்கள். 2016இல் சமையல் குறிப்பு, 2019இல் வெற்றுப் பக்கம், 2023இல் ‘சிங்கப்பூர் முன்னணிச் செய்தித்தளம்’ என்று வந்தால் புரிந்துகொள்ளலாம்.

உரிமையாளர்

நாட்டில் பதிவான எந்த நிறுவனத்துக்கும் யுஇஎன் என்ற தனித்துவ எண் உண்டு. தளத்தின் அடிப்பகுதி, தனியுரிமைக் கொள்கை, விளம்பரக் கட்டணப் பக்கம் ஆகிய மூன்றிலும் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். மூன்று இடத்தில் மூன்று பெயர் இருப்பதும் உண்டு. தனியுரிமைக் கொள்கையை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் உண்மைப் பெயரை அங்கேதான் விட்டுவைப்பார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாசகரின் மின்னஞ்சல் போன்ற விவரங்களைச் சேகரிக்கும் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் வைக்க வேண்டும். செய்திமடலுக்குப் பதிவுசெய்யச் சொல்லும் தளத்தில் அது இல்லையென்றால், நடத்துபவர் சட்டம் தெரியாதவர் அல்லது இங்கே இல்லாதவர்.

பெயர் கிடைத்ததும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடுங்கள். நிறுவனம் உயிரோடு இருக்கிறதா, நீக்கப்பட்டுவிட்டதா என்பதை இலவசமாகப் பார்க்கலாம். 5.50 வெள்ளி கட்டினால் நிறுவன விவரத் தாள் கிடைக்கும்: இயக்குநர்கள், பங்குதாரர்கள், பதிவு முகவரி, செலுத்தப்பட்ட மூலதனம், முதன்மைத் தொழில். கடைசியில் உள்ளதை முதலில் படியுங்கள். செய்தித்தளம் நடத்தும் நிறுவனத்தின் முதன்மைத் தொழில் ‘வேலைவாய்ப்பு முகவை’ அல்லது ‘விளம்பரச் சேவை’ என்று இருந்தால், செய்தி அவர்களுக்கு வியாபாரமா, வியாபாரத்துக்கு வாசலா என்று யோசிக்க வேண்டும்.

இங்கே மூன்று இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, பதிவு முகவரி. நிறுவனச் செயலாளர் சேவை தரும் ஓர் அலுவலகத்தின் முகவரியில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பதிவாகியிருக்கும், அது குற்றமில்லை. இரண்டாவது, இயக்குநர். இங்கு வசிக்கும் ஓர் இயக்குநராவது வேண்டும் என்பது சட்டம். ஆகவே வெளிநாட்டு உரிமையாளர்கள் சம்பளத்துக்குப் பெயர் தரும் இயக்குநரை அமர்த்துவார்கள். அவர் பெயரைப் பார்த்து ‘நம்மூர்க்காரர்தான்’ என்று நிம்மதியடையக் கூடாது, பங்குதாரர் வரிசையைப் பாருங்கள். மூன்றாவது, பங்குதாரரே இன்னொரு நிறுவனமாக இருப்பது. அப்படியென்றால் இன்னொரு 5.50 வெள்ளி. இரண்டு படிக்கு மேல் போய் வெளிநாட்டில் முட்டி நின்றால் அதையே குறிப்பேட்டில் எழுதுங்கள்: உரிமையாளர் தெரியவில்லை.

எல்லா ஊடகத்துக்கும் பங்குதாரர் இருக்கமாட்டார். தமிழ் முரசை வெளியிடும் எஸ்பிஎச் மீடியா உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனம். அதற்கு உறுப்பினர்கள் உண்டு, லாபப் பங்கு வாங்கும் பங்குதாரர்கள் இல்லை. மீடியாகார்ப்பின் உரிமையாளர் அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. 2013 ஜூன் முதல், இரண்டு மாத காலத்தில் வாரத்துக்குச் சராசரி ஒரு செய்தியாவது சிங்கப்பூர் நடப்பு பற்றி எழுதி, மாதத்துக்கு 50,000 தனித்தனி உள்ளூர் ஐபி முகவரிகளிலிருந்து வாசகர்களைப் பெறும் தளங்கள் தனி உரிமம் எடுக்க வேண்டும், 50,000 வெள்ளி உத்தரவாதத் தொகையும் வைக்க வேண்டும். சில தளங்கள் இதைத் தங்கப் பதக்கம் போல மாட்டிக்கொள்கின்றன. உரிமம் சொல்வது, அந்தத் தளத்துக்கு வாசகர் உண்டு, ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்கு அதன் முகவரி தெரியும் என்பதைத்தான். செய்தியின் தரத்தை அது அளப்பதில்லை.

பணம்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

தளத்தில் தெரியும் வருமானத்தால் தளத்தில் தெரியும் செலவைத் தாங்க முடியுமா? ஒரு செய்தியாளருக்கு மாதம் 3,500 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரருக்கு முதலாளி தரும் மத்திய சேமநிதிச் சந்தா 17 விழுக்காடு, அதாவது 595 வெள்ளி. ஆக ஒருவருக்கே 4,095 வெள்ளி. இனி வருமானம். தானியங்கி விளம்பரத்தில் ஆயிரம் பக்கப் பார்வைக்குத் தளத்துக்கு 3 வெள்ளி கிடைப்பதாக வைத்தால், அந்த ஒருவரின் செலவை ஈடுகட்ட மாதம் 1,365,000 பார்வை வேண்டும். ஆயிரத்துக்கு 1 வெள்ளி என்றால் நாலு மில்லியனைத் தாண்ட வேண்டும். உண்மை விலை தளத்துக்குத் தளம் மாறும், அதனால் 1, 3, 5 என மூன்று விலையில் கணக்குப் போடுங்கள். மூன்றிலுமே வரவு செலவுக்கு எட்டவில்லையென்றால் மீதிப் பணம் வேறெங்கிருந்தோ வருகிறது.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். கூகலின் தானியங்கி விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியதே 2018 பிப்ரவரியில்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. வெளிநாட்டு ஊழியர்களைச் சேர்த்தாலும் சந்தை சிறியது. சிங்கப்பூர்ச் செய்தியை மட்டும் தமிழில் எழுதி, தானியங்கி விளம்பரத்தில் மட்டும் பிழைக்கும் தளத்தில் சம்பளம் வாங்கும் செய்தியாளர்கள் இருப்பது மிக அரிது. ஒன்று, ஒருவர் வீட்டிலிருந்து மொழிபெயர்த்துப் போடுகிறார். அல்லது தமிழ்நாட்டு வாசகர்களைக் கவரும் சினிமாவும் தங்க விலையும் தளத்தை ஓட்டுகின்றன. அல்லது செய்தியோடு வேறு எதையோ விற்கிறார்கள். முதல் இரண்டிலும் தப்பில்லை, வாசகருக்குத் தெரிந்தால் போதும். மூன்றாவதைத் தோண்ட வேண்டும்.

தோண்டுவதற்கு ஒரு நல்ல கடப்பாரை உண்டு. விளம்பரத் துறையின் ஐஏபி டெக் லேப் அமைப்பு 2017இல் கொண்டுவந்த ‘ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்ற சிறு கோப்பு அது. தளத்தின் முகப்பு முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு இந்தக் கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் வெறும் எழுத்துகளாகத் திறக்கும். ஒவ்வொரு வரியிலும் காற்புள்ளியால் பிரித்த மூன்று அல்லது நான்கு பகுதிகள் இருக்கும்: விளம்பர நிறுவனத்தின் முகவரி, தளத்தின் கணக்கு எண், ‘டைரக்ட்’ அல்லது ‘ரீசெல்லர்’ என்ற சொல், சில வரிகளில் ஒரு சான்று எண். டைரக்ட் என்றால் அந்தக் கணக்கு தளத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருப்பது. ரீசெல்லர் என்றால் இடைத்தரகர் விற்பது.

கூகலின் பெயர் உள்ள டைரக்ட் வரியை எடுங்கள். ‘பப்’ என்று தொடங்கி 16 இலக்கம் கொண்ட எண் இருக்கும். அதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், அதே எண்ணைப் பயன்படுத்தும் மற்றத் தளங்கள் சில வேளை கிடைக்கும். கோப்பு இல்லாத தளத்தில், பக்கத்தின் மீது வலது சொடுக்கி மூல நிரலைத் திறந்து, உள்ளே ‘பப்’ என்பதற்கான ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். ஒரே எண் ஒரு செய்தித்தளத்திலும், ஒரு ஜோதிடத் தளத்திலும், ஒரு ‘உடனடிக் கடன்’ தளத்திலும் இருந்தால் மூன்றும் ஒரே கல்லாப்பெட்டி. ஓர் எச்சரிக்கை: ரீசெல்லர் வரியில் உள்ள எண்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான தளங்களில் இருக்கும், அதை வைத்து உறவு கட்டாதீர்கள். டைரக்ட் எண் பொருந்தினாலும்கூட, பல தளங்களின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் முகவருடையதாக அது இருக்கலாம். அதே தொலைபேசி எண், அதே எழுத்துப்பிழையுள்ள தனியுரிமைக் கொள்கை என்று இரண்டாவது சாட்சி கிடைத்தால் மட்டுமே முடிவு கட்டுங்கள்.

அரசாங்க நிதியை எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்பதுண்டு. எஸ்பிஎச் மீடியாவுக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை, ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும் என்று 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தொகையும் காலமும் வெளிப்படையாகத் தெரிவது வாசகருக்கு நல்லது. அரசாங்கக் கொள்கை பற்றிய செய்தியை அங்கே படிக்கும்போது இந்த விவரத்தை மனத்தில் வைத்து, எதிர்த் தரப்பின் வாதம் எத்தனை பத்திக்குப் பிறகு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நன்கொடையில் நடக்கும் தளங்களையும் இதே கோலால் அளக்க வேண்டும். தி ஆன்லைன் சிட்டிசன் தளத்தின் உரிமம் 2021 செப்டம்பரில் நிறுத்திவைக்கப்பட்டு, அக்டோபரில் ரத்தானது. நிதி எங்கிருந்து வருகிறது என்பதை முழுமையாக அறிவிக்கவில்லை என்பது ஊடக மேம்பாட்டு ஆணையம் சொன்ன காரணம். நன்கொடை கேட்கும் தளத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: பெரிய நன்கொடையாளர் பெயர் உண்டா, வெளிநாட்டு நிதி பற்றிச் சொல்கிறார்களா, ஆண்டுக் கணக்கு உண்டா.

வாசகர் எண்ணிக்கை பற்றித் தளங்களே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தணிக்கை உள்ள பெரிய நிறுவனங்களிலும் இது பிசகும். எஸ்பிஎச் மீடியாவின் உள் பரிசீலனை, 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை நாளுக்குச் சராசரி 85,000 முதல் 95,000 பிரதிகள் கூடுதலாகக் கணக்குக் காட்டப்பட்டதைக் கண்டுபிடித்தது, 2023 ஜனவரியில் அது வெளியே வந்தது. அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையில் அது 10 முதல் 12 விழுக்காடு. ‘மாதம் பத்து லட்சம் வாசகர்கள்’ என்று ஒரு சிறு தளத்தின் விளம்பரக் கட்டணத் தாள் சொன்னால், அது பார்வையா, தனி வாசகரா, ஃபேஸ்புக்கில் கண்ணில் பட்டதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பல மடங்கு வித்தியாசம்.

செய்தி வேடத்தில் வரும் விளம்பரம்

சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணம் வாங்கி எழுதியதை வாசகருக்குப் புரியும்படி குறிப்பிட வேண்டும். ‘விளம்பரம்’ என்று நேராக எழுதினால் சிக்கலில்லை. ‘இணைந்து வழங்கும்’, ‘சிறப்புப் பகுதி’, ‘வர்த்தகச் செய்தி’ என்று மழுப்பினால் கவனம். எதுவுமே எழுதாதபோது கண்டுபிடிக்க: கட்டுரையில் ஒரே ஒரு கடையின் பெயர், அதன் திறக்கும் நேரம், வாட்ஸ்அப் எண், குறையே இல்லாத புகழ்ச்சி. தீபாவளிக்கு முன் நகைக்கடை, பள்ளி விடுமுறைக்கு முன் பயண முகவர் என்று ஒரே நிறுவனம் மாதாமாதம் ‘செய்தி’யாக வந்தால் ஒப்பந்தம் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு அதிக இழப்பை உண்டாக்கக்கூடியது வேலைச் செய்தி. ‘சிங்கப்பூரில் 500 பேருக்கு உடனடி வேலை’ என்ற செய்தியின் அடியில் ஒரு கைப்பேசி எண் இருந்தால் அது முகவரின் தூண்டில், தளத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தரகு போகலாம். இங்கே உரிமம் உள்ள ஒவ்வொரு வேலைவாய்ப்பு முகவைக்கும் உரிம எண் உண்டு. மனிதவள அமைச்சின் தளத்தில் உள்ள முகவைப் பட்டியலில் அதைச் சரிபார்க்கலாம். ஊழியரிடம் முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: வேலை அனுமதியின் அல்லது ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இதைச் சொல்லாமல் தொடர்பு எண்ணை மட்டும் போடும் தளத்தைச் செய்தித்தளம் என்று அழைப்பதே எங்களுக்கு உறுத்துகிறது. வீட்டை அடகு வைத்து வருபவர்கள் படிக்கும் பக்கம் அது.

முதலீட்டுச் ‘செய்தி’யும் இதே இனம். அமைச்சர் படத்தோடு, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அல்லது சிஎன்ஏ முகப்பைப் போலச் செய்த பக்கத்தில் கிரிப்டோ நாணயத்தைப் புகழ்ந்தால், முகவரிப் பட்டையைப் பார்த்தாலே போதும். மேலும் உறுதி வேண்டுமானால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள், அல்லது 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

இருபது செய்திச் சோதனை

தளத்தின் ஒரு வாரச் செய்திகளிலிருந்து தொடர்ச்சியாக இருபதை எடுங்கள். பிடித்ததைப் பொறுக்காதீர்கள், வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டம்: எழுதியவர் பெயர், தேதியும் நேரமும், மூலம் எது, தளமே நேரில் பேசிய ஒருவராவது உண்டா, படம் யாருடையது, தலைப்பு உள்ளடக்கத்தோடு பொருந்துகிறதா. ‘அட்மின்’, ‘செய்திக்குழு’ என்பதைப் பெயராகக் கணக்கிட வேண்டாம். படத்தைக் கூகல் லென்ஸில் அல்லது டின்ஐயில் போட்டால் பழைய படம் அகப்பட்டுவிடும்.

இருபதில் பதினெட்டு செய்தி நிறுவனங்களிலிருந்தும் அமைச்சு அறிக்கைகளிலிருந்தும் எடுத்ததாக இருந்தால் அது தொகுப்புத் தளம். தொகுப்பது மரியாதையான வேலைதான், மூலத்தைச் சொன்னால். மூலத்தைச் சொல்லாமல் ‘நமது நிருபர்’ என்று போட்டால் அது திருட்டு.

அடுத்து, அமைச்சு அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட மூன்று செய்திகளை எடுத்து மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். தமிழுக்கு வரும் வழியில் உடைபவை பெரும்பாலும் ஒரே சில இடங்கள்தான். ‘வரை’ என்ற சொல் விழுந்துவிடும்: ‘1,000 வெள்ளி வரை’ என்பது ‘1,000 வெள்ளி’ ஆகும். நடைமுறைக்கு வரும் தேதி விழுந்துவிடும். ‘சிங்கப்பூர்வாசி’ என்பது ‘குடிமக்கள்’ ஆகிவிடும், நிரந்தரவாசிகள் காணாமல் போவார்கள். எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் என்ற இரு வேறு வேலை அனுமதிகள் ஒன்றாகக் கலக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2025 ஜூலை 1 முதல், வொர்க் பெர்மிட் ஊழியர்கள் இங்கே மொத்தம் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற வரம்பு நீக்கப்பட்டது. அதே நாளில் உச்ச வயது 60இலிருந்து 63 ஆனது. இதை ‘வரம்பு நீக்கம்’ என்று மட்டும் ஒரு தளம் எழுதினால், வயது வரம்பே போய்விட்டது என்று ஊரில் ஓர் அண்ணன் நினைத்துக்கொள்வார். இன்னொன்று: எம்பிளாய்மென்ட் பாஸ் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியாக உயர்ந்தது. அது புதிய விண்ணப்பங்களுக்கு, நிதித்துறை தவிர்த்து. வயது கூடக் கூடத் தொகையும் கூடும். புதுப்பிப்போருக்கு ஓர் ஆண்டு தள்ளி. இந்த நான்கு நிபந்தனைகளில் எத்தனை அந்தத் தளத்தின் செய்தியில் இருந்தன என்று பழைய பக்கத்தைத் தேடிப் பாருங்கள். நான்கும் இருந்தால் அந்தத் தளத்தில் யாரோ ஒருவர் மூலத்தை முழுதாகப் படிக்கிறார்.

ஒப்பிட மற்ற நாளிதழ்கள் வேண்டுமென்றால் காசு செலவழிக்க வேண்டாம். தேசிய நூலக வாரிய உறுப்பினருக்குப் பிரஸ்ரீடர் இலவசம்.

தவறு நடந்தபின் என்ன செய்கிறார்கள்

தளத்தில் ‘திருத்தம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஓராண்டில் ஒரு திருத்தம்கூட இல்லாத தளம் தவறே செய்யாத தளம் என்று யாரும் நம்ப வேண்டாம். சத்தமில்லாமல் மாற்றுகிறார்கள். வேபேக் மெஷினில் ஒரே செய்தியின் இரண்டு நாள் படிகளை ஒப்பிட்டால் தெரியும். எண் மாறியிருந்து, அடியில் குறிப்பு இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பரவும் பொய்க் கூற்றுகளுக்கு எதிரான பொஃப்மா சட்டம் 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளது. பொஃப்மா அலுவலகத்தின் தளத்தில் உத்தரவுகள் தேதிவாரியாக இருக்கின்றன. திருத்த உத்தரவு என்றால், குறிப்பிட்ட கூற்று பொய் என்று ஓர் அமைச்சர் முடிவெடுத்திருக்கிறார், பதிவோடு திருத்தக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று பொருள். பெரும்பாலும் மூலப் பதிவு அப்படியே இருக்கும், நீங்களே இரண்டையும் படித்து ஒப்பிடலாம். உத்தரவு பெற்றவர் அமைச்சரிடமும் பின்னர் உயர் நீதிமன்றத்திலும் முறையிடலாம். ஆகவே ஓர் உத்தரவை மட்டும் வைத்துத் தளத்தை ஒதுக்குவதும் சரியல்ல, ‘அரசியல்’ என்று படிக்காமலே தள்ளுவதும் சரியல்ல. எந்தக் கூற்று, தளம் என்ன ஆதாரம் காட்டியது, குறிப்பைப் போட்டதா என்று பாருங்கள்.

‘அறிவிக்கப்பட்ட இணையத்தளம்’ என்ற நிலை வேறு. உத்தரவுக்கு உள்ளான மூன்று வெவ்வேறு பொய்க் கூற்றுகளாவது ஆறு மாதத்துக்குள் வெளிவந்திருந்தால் ஒரு தளத்தை அப்படி அறிவிக்கலாம். அதன்பின் அந்தத் தளத்தின் மூலம் யாரும் பணம் ஈட்டக் கூடாது. வருமான வழியையே அடைக்கும் நடவடிக்கை என்பதால், பணத்தைப் பின்தொடரும் நமக்கு இந்தப் பட்டியல் கட்டாயம் பார்க்க வேண்டியது.

ஃபேஸ்புக் பக்கம் இருந்தால் ‘பக்க வெளிப்படைத்தன்மை’ பகுதியைத் திறங்கள். பக்கம் தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், நிர்வாகிகள் இருக்கும் நாடுகள் அங்கே வரும். நடிகர் ரசிகர் மன்றமாகத் தொடங்கி மூன்று பெயர் மாறி ‘செய்தி’ ஆன பக்கம் என்றால், அதைப் பின்தொடரும் இரண்டு லட்சம் பேர் செய்திக்காக வந்தவர்கள் இல்லை.

கடைசியாக ஒரு மின்னஞ்சல்

மீதி ஐயங்களைத் தளத்திடமே கேளுங்கள். மூன்று கேள்வி போதும்: உங்கள் நிறுவனத்தின் பதிவுப் பெயரும் யுஇஎன் எண்ணும் என்ன? விளம்பரம் தவிர வேறு வருமானம் உண்டா? இந்தத் தேதியில் வந்த இந்தச் செய்தியின் மூலம் எது? மூன்றாவது கேள்விக்கு, நீங்கள் ஏற்கெனவே விடை தெரிந்துவைத்திருக்கும் ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். ஏழு நாள் காத்திருங்கள். சிறு தளங்களில் ஒருவரே எல்லாம் செய்வதால் தாமதம் சகஜம், ஒருமுறை நினைவூட்டலாம். பதிலில் நிறுவனப் பெயர் வந்தால் பிஸ்ஃபைலில் எடுத்த தாளோடு ஒப்பிட்டு, தேதியோடு குறிப்பேட்டில் ஒட்டுங்கள். தளங்கள் கைமாறுவதும் முகவரிகள் விற்கப்படுவதும் நடந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் உள்ள டைரக்ட் எண்ணை மட்டும் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால், உரிமையாளர் பகுதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.